மாஸ்டர் பக்கத்து பிரேக்

மனுஷனுக்கு ஆண்டவர் மனச்சுதந்திரம் கொடுத்திருக்கிறாரா, தப்பு பண்ணினால் தண்டிக்கிறாரா என்று ரோமாபுரியில் ஆரம்பித்து எத்தனையோ பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில், செகண்ட் கியரில், முழங்கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு பதில் சொன்ன ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் எங்கள் நோ பிரேக் மாஸ்டர். இதை நான் எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டேபிள், ஒரு மாதா படம், போன் எடுக்க அவர் மனைவி ரெஜினா அக்கா, வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார். அவ்வளவுதான். அதற்கு முன்னால் குடிகாடு பக்கம் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாராம். அவருடைய நிஜப் பெயர் ரெண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்னொன்று கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம்.

டிரைவிங் ஸ்கூல் கார் தெரியுமில்லையா? சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நாம் சொதப்பினால் அவர் அழுத்திக் காப்பாற்றுவார். ஊர் உலகத்தில் அதுதான் வழக்கம். நான் சேர்ந்த முதல் நாள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் சொன்னார்.

"டீச்சர், முன்னாடியே ஒண்ணு சொல்லிர்றேன். என் பக்கத்து பிரேக் வேல செய்யாது. கெவர்மென்ட் கேக்குதேன்னு சும்மா ஷோவுக்கு வெச்சிருக்கேன்."

"அப்ப நான் எங்கியாச்சும் இடிக்கப் போனா?"

"இடிப்பீங்க."

பாதிப் பேர் அந்த இடத்திலேயே பெல்ட்டைக் கழற்றிவிட்டு எதிர் ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது, வீட்டுக்காரர் மஸ்கட்டில், அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போக ஆள் இல்லை. அதுவுமில்லாமல் நான் பிளஸ் டூ பசங்களுக்கு கணக்கு எடுக்கிறவள், பயந்தவள் என்று பெயர் எடுக்கக் கூடாது. உட்கார்ந்தேன்.

"ஆண்டவரு ஆதாமுக்குத் தோட்டத்த குடுத்தாரு. பழத்துக்கிட்ட கைய கொண்டுபோவும்போது பக்கத்துல உக்காந்து பிரேக் போட்டாரா? கையத் தட்டி வுட்டாரா? இல்ல! ஏன்? ஸ்டீயரிங் அவன் கையில. அதான் மனச்சுதந்திரம். கிளட்ச்ச அமுக்குங்க."

"அப்புறம் தோட்டத்த வுட்டுத் தொரத்தினாரே மாஸ்டர், அது தண்டனை இல்லியா?"

"தொரத்துனாரு. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி, வெளிய போனா குளிருமேன்னு ரெண்டு பேருக்கும் தோல்ல சட்ட தெச்சு போட்டு வுட்டாரு. வேதத்துலியே இருக்குது. எந்தப் பிரசங்கத்துலியாச்சும் அத சொல்றாங்களா? மாட்டாங்க. தொரத்துனத மட்டும் ஒரு மணி நேரம் சொல்லுவாங்க. கியர் போடுங்க, பின்னாடி ஆட்டோக்காரன் திட்டறான்."

இதெல்லாம் எனக்கு மட்டும் நடந்ததாக நினைக்காதீர்கள். எங்கள் பங்குச் சாமியாரே அவரிடம்தான் கற்றுக்கொண்டார். கோயில் வளாகத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கொடிமரம் பக்கத்தில் வந்துவிட்டது. சாமியார் பதறிப்போய், "சேசுவே, சேசுவே!" என்று கத்தியிருக்கிறார். மாஸ்டர் கையைக் கட்டியபடி, "அவர எதுக்கு ஃபாதர் கூப்புடறீங்க? கண்ணாடியப் பாருங்க" என்றாராம். கொடிமரம் தப்பியது. காரின் பின் விளக்கு தப்பவில்லை.

பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்து கற்றுக்கொண்டார். மூணாம் நாளே தைரியம் வந்து, திருப்பத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டே போய், தள்ளுவண்டி நிறைய இருந்த பலாப்பழத்தில் மெதுவாக, ரொம்ப நிதானமாக இடித்தார். பழமெல்லாம் ரோட்டில் உருண்டது. வியாபாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போன வாரம் கோயிலுக்குப் போவல மாஸ்டர். அதான் ஆண்டவர் சோதிக்கிறாரு" என்றார்.

"ஆண்டவரா செகண்ட் கியர்ல வந்தாரு? யோவ் மச்சான், இடிச்சது யாரு? சொல்லு!"

"நான்தான்."

"சத்தமா!"

"நான்தான் மாஸ்டர், நான்தான் இடிச்சேன்!"

அதைத் தள்ளுவண்டிக்காரரிடமும் ஒரு தடவை சொல்லவைத்து, உடைந்த பழம் எல்லாவற்றையும் வியாபாரி தலையிலேயே கட்டி, அதில் ரெண்டு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் மாஸ்டர் வண்டியில் ஏறினார். மறுநாள் முழுக்க கார் பலாப்பழமாக மணத்தது. மற்ற நாட்களில் தைலம் மணக்கும். மாஸ்டருக்கு வலது கெண்டைக்காலில் தீராத வலி. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வண்டியில் ஏறுவார். கிளாஸ் முடிந்ததும் நொண்டியபடி இறங்கி, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தைலம் தேய்ப்பார். வாதம் என்று நாங்களே பேசிக்கொண்டோம். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு வேறு என்ன வரும்?

ஒரு மழைக்காலம் முடிந்து ஜெபக் கூட்டம் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கடலூருக்கு வருஷா வருஷம் வெள்ளம் வருவது நம்முடைய பாவத்துக்கு ஆண்டவர் கொடுக்கிற தண்டனை என்று முழங்கினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. ரெஜினா அக்கா என் பக்கத்திலிருந்து, "ஐயோ, எழுந்துட்டாரு" என்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம். பாவம் பண்ணவன்லாம் மாடி வூட்டுல இருக்கான். தண்ணி குடிசைக்குள்ளதானே வந்துச்சு? ஆண்டவருக்கு என்னா அட்ரஸ் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. பிரசங்கியார் முகம் சிவந்துபோய், அடுத்த பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டார். ரெஜினா அக்கா ஒரு வாரம் மாஸ்டரோடு பேசவில்லை. போன் வந்தால்கூட எடுத்து டேபிளில் வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். ஆனால் உள்ளுக்குள் மாஸ்டர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. ஏனென்றால் நான் ஆண்டவரிடம் வசமாக மாட்டிக்கொண்டவள். கேளுங்கள்.

அம்மாவுக்கு எனக்கு முன்னால் மூன்று குழந்தைகள் தங்கவில்லை. நான் வயிற்றில் இருக்கும்போது, இந்தப் பிள்ளை உயிரோடு பிறந்தால் கன்னியர் மடத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டார்கள். நானும் கட்டைக் குரலில் அழுதுகொண்டு பிறந்துவிட்டேன். பதினெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு கொண்டுபோய் விட்டார்கள். பத்து மாசம் இருந்தேன். சிஸ்டர்கள் எல்லாரும் தங்கமானவர்கள், குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஒருநாள் மதர் கூப்பிட்டு, "உனக்கு இங்க இருக்க இஷ்டமாம்மா?" என்று கேட்டார். அதுவரைக்கும் அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. "இல்ல மதர்" என்றேன். தலையைத் தடவிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது நடந்தாலும் காரணம் ஒன்றுதான். என் கல்யாணத்தில் மழை கொட்டிப் பந்தி நனைந்தது, மடத்தை விட்டு வந்ததால். வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் விழுந்து கை முறிந்தது, மடத்தை விட்டு வந்ததால். பையன் கெமிஸ்ட்ரியில் மார்க் குறைந்ததும் அதனால்தான், மிக்ஸி புகைந்ததும் அதனால்தான். அம்மா சண்டை போட்டுச் சொல்ல மாட்டார்கள். பெருமூச்சு விட்டு, "ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பி வாங்கிட்டோம்ல" என்பார்கள். அதற்குச் சண்டையே தேவலை.

டிரைவிங் கற்றுக்கொள்ள ஆரம்பித்த ரெண்டாவது மாசம், மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. கடலூர் டாக்டர் சிதம்பரத்துக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே ஊசி போட்டுச் சதை எடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை ரிசல்ட் என்றார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் அங்கே அவருக்கு வேலை ஓடாது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மழை, ஸ்கூட்டர், மிக்ஸி எல்லாம் போய், கடைசியில் பெரியது வந்துவிட்டது என்றுதான் எனக்கே தோன்றியது. படித்தவள்தான், பாடம் எடுக்கிறவள்தான். ஆனாலும் அப்படியே நம்பினேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கிளாஸ். சில்வர் பீச் ரோட்டில் வண்டியைப் பதினோரு தடவை ஆஃப் பண்ணினேன். மாஸ்டர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னா விஷயம் டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமலா பதினொண்ணு?"

சொல்லிவிட்டேன். கட்டி, மடம், அம்மா, நேர்த்தி எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மாஸ்டர் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டிய எடுங்க. இன்னிக்கு ஹைவே கிளாஸ். சிதம்பரம் போறோம்" என்றார்.

"ஐயோ மாஸ்டர், நான் இன்னும் ஆல்பேட்டையே தாண்டினதில்ல!"

"போறோம்."

குடிகாடு வரும்போது கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். லாரிகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மாஸ்டர் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நேர்ந்துக்கிட்டது யாரு?"

"அம்மா."

"அப்ப உங்களுக்கு என்னா வயசு?"

"நான் பொறக்கவே இல்ல மாஸ்டர்."

"பொறக்காத புள்ளைக்கு எந்த ஆர்.டி.ஓ. லைசன்ஸ் குடுப்பான்? ஆண்டவரு குடுப்பாரா? உங்கள இஷ்டமான்னு கேட்டாங்க, இல்லன்னீங்க. அதோட முடிஞ்சுது. அதுக்கு இருபத்தாறு வருஷம் கழிச்சி, தேடிப் புடிச்சி கட்டிய வெச்சாரா? அவருக்கு என்னா வேற வேல இல்லியா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அப்ப யாரு வெச்சது? இவ்ளோ பேசறீங்களே, யாருக்கும் ஒரு தப்பும் பண்ணாத ஜனங்களுக்கு ஏன் வருது? சொல்லுங்க!"

"தெரியாது."

"என்ன தெரியாதா?"

"தெரியாதத தெரியாதுன்னுதான் சொல்லணும். டயர்ல ஆணி ஏறுனா பஞ்சர். டயரு என்னா பாவம் பண்ணுச்சுன்னு ரோட்டுல குந்தி அழுதுகிட்டிருந்தா ஊர் போய்ச் சேர முடியுமா?"

"அப்ப உங்க ஆண்டவரு ஒண்ணுமே பண்ண மாட்டாரு. எது நடந்தாலும் உங்கள மாதிரியே கையக் கட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருப்பாரு. அப்படித்தானே?"

மாஸ்டர் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டார். மெதுவாக, "பக்கத்துல உக்காந்திருக்கறது லேசுப்பட்ட வேலன்னு நெனச்சிட்டீங்களா? ஒருநா வந்து உக்காந்து பாருங்க" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அது தப்பு. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு மண் ரோட்டிலிருந்து கரும்பு ஏற்றிய டிராக்டர் குறுக்கே வந்து நின்றுவிட்டது. கண்ணாடி முழுக்கக் கரும்பு. மாஸ்டர் கத்தவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடிக்கவில்லை. நான் என்ன நினைத்தேன் என்று தெரியாது, கால் தானாகப் போய் பிரேக்கில் ஏறி நின்றது. வண்டி கிறீச்சிட்டு நின்றது. கரும்புத் தோகை பானெட்டை உரசிக்கொண்டிருந்தது.

டிராக்டர்காரர் எட்டிப் பார்த்து, "பாத்து வரக் கூடாதாக்கா?" என்று என்னையே திட்டிவிட்டுப் போனார்.

மாஸ்டர் கேட்டார். "பிரேக் போட்டது யாரு?"

"நான்."

"சத்தமா."

"நான்தான்!"

"போலாம் ரைட்" என்றார். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கடலூர் வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் டாக்டர் அம்மா ரிசல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிசல்ட்டைப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் நான் செத்துப் பிழைத்தேன். "சாதாரணக் கட்டிதாம்மா. கேன்சர் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க" என்றார். நான் ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ரெண்டு தடவை சொன்னார்.

வெளியே வந்தேன். மாஸ்டர் வேப்ப மரத்தடியில் பேன்ட்டைச் சுருட்டிக் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல மாஸ்டர்! ஆண்டவருக்கு நன்றி, ஆண்டவருக்கு நன்றி!" என்று நடு ரோட்டில் நின்று அழுதேன். தைல பாட்டிலை அப்படியே மூடிவிட்டு மனுஷன் எகிறினார்.

"பாருங்க அநியாயத்த! கெட்டதுக்கும் அவரு, நல்லதுக்கும் அவரா? அங்க ஒருத்தி ஊசி போட்டா, ஒருத்தன் மைக்ராஸ்கோப்புல பாத்தான், அவுங்க பேரு எங்க?"

"நன்றி சொல்ல எனக்கு மனச்சுதந்திரம் இருக்குல்ல மாஸ்டர்?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அது இருக்குது. நல்லா சொல்லுங்க" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழ வீதிப் பக்கம் ஒரு கடையில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். ஒரு வாரமாக இறங்காத சாப்பாடு அன்றைக்கு எட்டு இட்லியாக இறங்கியது. மாஸ்டர் ஆறோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். "எனக்குத் தெரியும்டி. ஆஸ்பத்திரி சீட்ட உன் பைல பாத்துட்டேன். நான் பாட்டுக்கு நேர்ந்துக்கிட்டேன், அதுக்கு உன்னப் புடிச்சிட்டாரோன்னு ஒரு வாரமா உசுரே இல்ல எனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்கள். அந்த நேர்த்திக்கு என்னைவிட அதிகமாக பயந்துகொண்டிருந்தது அவர்கள்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் எங்கள் வீட்டு கிரைண்டர் ரிப்பேரானது. அம்மா பெருமூச்சு விட்டு, "பெல்ட்டு தேஞ்சிருக்கும்" என்றார்கள்.

நான் லைசன்ஸ் வாங்கினேன். மாஸ்டர் புதுக் கார் வாங்கி, ஸ்கூலைச் சிதம்பரத்துக்கே மாற்றிக்கொண்டு போனார். பழைய வெள்ளைக் காரை நான்தான் வாங்கினேன். போன மாசம் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் கேட்டார். "லெஃப்ட் சைடு பெடல எடுத்துடட்டுமாக்கா? கால்ல இடிக்கும்."

"எடுத்துடுங்க தம்பி. அது எப்படியும் வேல செய்யாது."

"யாரு சொன்னா?" என்று உட்கார்ந்து கையால் அழுத்திக் காட்டினார். ஜாக்கியில் ஏற்றி, கியரில் போட்டு விட்டிருந்த சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. டக்கென்று நின்றது. "உங்க பக்கத்தத வுட இது சூப்பரா புடிக்குதுக்கா. ரெகுலரா செக் பண்ணி வெச்சிருக்காங்க."

அங்கிருந்தபடியே மாஸ்டருக்குப் போன் போட்டேன். ரெஜினா அக்கா எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே சிரிப்பு. "அந்த மனுஷன் வேற பொய்யே பேச மாட்டாரும்மா, இந்த ஒண்ணத் தவிர. கம்பெனி பஸ்சுல இருக்கும்போதே புது டிரைவருங்களுக்குச் சொல்லிக் குடுப்பாரு. காப்பாத்த ஆளு இருக்குன்னு தெரிஞ்சா எவனும் கத்துக்க மாட்டான்னு சொல்லுவாரு. ஆனா நாள் முழுக்கக் காலு அந்தப் பெடல் மேலியே நிக்கும், தொட்டும் தொடாம. அந்த வலிதான் அது. உசுருக்கு ஆபத்துன்னா அழுத்துவாரு. பலாப்பழத்துக்கெல்லாம் அழுத்த மாட்டாரு."

மாஸ்டரிடம் போனைக் கொடுத்தார்.

"மாஸ்டர், பிரேக் வேல செய்யுது."

"மெக்கானிக் சரி பண்ணியிருப்பான்."

"பொய் சொல்லாதீங்க. அன்னிக்கு டிராக்டர்ல, நெஜமா சொல்லுங்க. அழுத்தினது யாரு?"

"நீங்கதான் டீச்சர். மாதா மேல சத்தியமா நீங்கதான். என் காலு பாதி தூரம் போயிட்டுது. உங்க காலு முன்னாடி வந்துட்டுது. நான் என் கால எடுத்துட்டேன்." பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "அன்னிக்குப் புடிச்ச வலி மூணு நாளு போவல."

"இப்ப எப்படி இருக்கு காலு?"

"பரவால்ல. புதுசா ஒரு பேங்க் மேனேஜர் சேந்திருக்காரு. தைலம் பெரிய பாட்டிலா வாங்கி வெச்சிருக்கேன்."

பெடலை எடுக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். இப்போதும் தினம் காலையில் சாவியைப் போட்டதும் இடது பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். சீட் காலிதான். தைல வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. போகவே வேண்டாம்.